பச்சை மரமும் பாயும் வாயுவும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் பிற்பகல் அமர்வில் பேசியது. மலருக்காக எழுதிக் கொடுத்தபோது மேடையில் விட்டுப்போன சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் அவர்கள் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, ஆனா ஒருத்தரும் தூங்கக் கூடாது" என்று இரண்டு நிபந்தனைகள் போட்டார். வடை பாயசம் எல்லாம் முடிந்து இரண்டேகால் மணிக்கு என் கையில் மைக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே முதலில் ஒரு வித்தை காட்டிவிடுகிறேன்.

இது பிரம்பு. இதை எடுத்ததும் முன்வரிசையில் இரண்டு பெரியவர்கள் கையைப் பின்னால் கொண்டுபோனதைப் பார்த்தேன். பயம் வேண்டாம், ஒரு சாண் துண்டுதான். ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதுகிறேன். பாருங்கள், நுரை பொங்குகிறது. நம்மை அடித்த பிரம்பு முழுக்கக் குழாய் என்பது அடி வாங்கிய காலத்தில் நமக்குத் தெரியாது. அடுத்து, அதே நீளத்தில் ஒரு தேக்குத் துண்டு, நல்ல வைரம். ஊதுகிறேன். கன்னம்தான் வலிக்கிறது, ஒரு குமிழி இல்லை.

தேக்கிலும் குழாய்கள் உண்டு. குறுக்கே வெட்டிய முனையைப் பார்த்தால் வளையம் வளையமாகத் துளைகள் கண்ணுக்கே தெரியும். ஆனால் மரம் முதிர்ந்து வைரம் பாயும்போது, பக்கத்தில் இருக்கும் உயிரணுக்கள் அந்தக் குழாய்களுக்குள் பலூன் மாதிரி உப்பி அடைத்துக்கொள்கின்றன. இதற்குத் தைலோஸ் என்று பெயர். அமெரிக்காவில் விஸ்கிப் பீப்பாயை வெள்ளை ஓக்கில் செய்வார்கள், சிவப்பு ஓக்கில் செய்ய மாட்டார்கள். காரணம் இதுதான். வெள்ளை ஓக்கில் தைலோஸ் அடைத்திருக்கும். சிவப்பு ஓக்கில் இந்தப் பிரம்பு போலவே ஊதலாம். பீப்பாய் செய்தால் சரக்கு ஒழுகிப் போகும்.

நான் இந்தக் கல்லூரியில் 2007 முதல் 2011 வரை இயந்திரவியல் படித்தேன். பாய்ம இயக்கவியல் வகுப்பில் பாய்ஸோயி சமன்பாட்டை எழுதிப்போட்டு, "ஆரத்தின் நாலாவது அடுக்கு! ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்று!" என்று சாக்பீஸால் பலகையைத் தட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான் அதை எண்ணெய்க் குழாய்க்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மட்டும் என்று மூட்டை கட்டி வைத்திருந்தேன். வேலை கிடைத்தது தூத்துக்குடியில், மரத்தடிகளுக்குக் கேஸ் அடிக்கும் நிறுவனம் ஒன்றில். வெளிநாட்டிலிருந்து வரும் தடிகளில் வண்டும் புழுவும் சேர்ந்து வந்துவிடக் கூடாது என்பதற்காக, தார்ப்பாயால் மூடி உள்ளே நச்சுவாயுவைச் செலுத்தும் வேலை. ஊரில் கேட்டவர்களிடம் அம்மா, "பையன் மரத்துக்கு மருந்தடிக்கிறான்" என்று சொல்வார்கள். எஞ்சினியரிங் படித்த பிள்ளைக்கு இது ஒரு வேலையா என்று எனக்கே கொஞ்ச நாள் குறையாக இருந்தது.

இப்போது பைன் மரத்துக்கு வருகிறேன். நியூசிலாந்திலிருந்து நம் நாட்டுத் துறைமுகங்களுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். பைனில் தேக்கு மாதிரி நீளக் குழாய் கிடையாது. சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அகலம் உள்ள, இரு முனையும் மூடிய அறைகள். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகப் பக்கச் சுவரில் சிறு துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையின் நடுவிலும் ஒரு வட்டத் தட்டு. அதைச் சுற்றிலும் சிலந்தி வலை மாதிரி நூல்கள் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் அந்த வலைக்கண் வழியே போகும். ஒரு பக்கம் காற்றுப் புகுந்துவிட்டால் தட்டு மறுபக்கம் நகர்ந்து துளையை அடைத்துக்கொள்ளும்.

மாணவர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். இது ஒரு வால்வு. நாம் தொழிற்சாலையில் வைக்கிறோமே, நான்-ரிட்டர்ன் வால்வு, அந்த ஜாதி. உயிருள்ள மரம் தண்ணீரை வேரிலிருந்து உச்சிக்கு இழுக்கிறது. இழுவையில் இருக்கும் அந்த நீர்த்தம்பத்தில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால் தம்பம் அறுந்துவிடும். குமிழி ஓர் அறையோடு நிற்க வேண்டும், அடுத்த அறைக்குப் பரவக் கூடாது. அதற்காகத்தான் இந்த வால்வு. அதாவது வாயுவை உள்ளே விடாமல் தடுப்பதற்கென்றே லட்சக்கணக்கான வால்வுகளை மரம் வைத்திருக்கிறது. அந்த மரத்துக்குள்தான் நாங்கள் வாயுவை அனுப்பப் போகிறோம்!

வெட்டி அதிக நாள் ஆகாத பச்சைத்தடியில், வெளிப்புறத்து வெள்ளை மரத்தின் அறைகளில் பெரும்பகுதி தண்ணீர் இருக்கும். தட்டுகள் இன்னும் நடுவில்தான் நிற்கும். கதவு திறந்திருக்கிறது, வழியில்தான் தண்ணீர் நிற்கிறது. தடி காயும்போது தண்ணீர் பின்வாங்குகிறது. பின்வாங்கும் தண்ணீரின் பரப்பு இழுவிசை தட்டையும் சேர்த்து இழுத்துக் கதவைச் சாத்திவிடுகிறது. வழி காலியானால் கதவு மூடியிருக்கும், கதவு திறந்திருந்தால் வழியில் தண்ணீர் நிற்கும். நம் ஹாஸ்டல் குளியலறையில் தண்ணீர் வரும்போது இடம் கிடைக்காது, இடம் கிடைக்கும்போது தண்ணீர் வராது அல்லவா, அந்தக் கதைதான்.

அழுத்தம் கொடுத்துத் தள்ளினால் என்ன என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மைக்ரான் விட்டமுள்ள, தண்ணீர் நிறைந்த துளைக்குள் காற்றைத் தள்ள ஏறக்குறைய 2.9 வளிமண்டல அழுத்தம் வேண்டும். வலைக்கண்கள் அதைவிடச் சிறியவை, ஆகவே இன்னும் அதிகம் வேண்டும். நாங்கள் மூடுவதோ தார்ப்பாயால். ஓரத்தில் மணல் பைகளை அடுக்கி வைத்திருப்போம். அங்கே அழுத்தம் எங்கிருந்து வரும்?

ஆக, வாயுவுக்கு ஒரே வழிதான். தண்ணீரில் கரைந்து, மூலக்கூறு மூலக்கூறாக ஊர்ந்து போக வேண்டும். வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பரவுவது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. இன்னொன்று, தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. தோராயக் கணக்கு இது: நின்ற காற்றில் பத்து சென்டிமீட்டர் பரவ ஏறக்குறைய 17 நிமிடம். நின்ற தண்ணீரில் ஒரு சென்டிமீட்டருக்கே 28 மணி நேரம். பத்து சென்டிமீட்டருக்கு? நூறு மடங்கு. சுமார் 115 நாள்!

உண்மைத்தடி இவ்வளவு மோசம் இல்லை. வெள்ளையிலும் அங்கங்கே காற்று இருக்கும். பைனின் வைரம் உயிருள்ள மரத்திலேயே ஓரளவு வறண்டுதான் இருக்கும். நீளவாக்கில் போவது குறுக்குவாக்கில் போவதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு எளிது. ஆகவே வெட்டிய முனை வழியே வாயு நன்றாக நுழையும். அந்த முனை வெடிக்காமல் இருக்க மெழுகோ பெயின்டோ பூசிவிட்டால் அந்த வாசலும் போச்சு. பட்டை உரிக்காமல் இருந்தால் பக்கவாட்டிலும் தடை. பெட்டி, பலகைச் சட்டம் போன்ற கட்டுமான மரத்துக்கான சர்வதேச விதியில், மிகக் குறுகிய பக்கமே 20 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மெதில் புரோமைடு செலுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். இருபுறமிருந்தும் பத்துப் பத்து சென்டிமீட்டர், அவ்வளவுதான் அதற்குக் கணக்கு. எங்கள் வழக்கமான அளவு ஒரு கன மீட்டருக்கு 48 கிராம், 21 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில் 24 மணி நேரம். அதில் பருத்த தடியின் நடுவரை போய்ச் சேரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பட்டைக்குள்ளும் அதற்குச் சற்று அடியிலும் இருக்கும் வண்டுகள் சாகும். தடியோடு வருகிற பூச்சிகளில் மிகப் பல அங்கேதான் குடியிருக்கின்றன என்பது நமக்கு அதிர்ஷ்டம்.

இதெல்லாம் வாயு உள்ளே போவதைப் பற்றிய பேச்சு. உள்ளே மெதுவாகப் போனது வெளியே எப்படி வரும்? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளாமல் விட்டதால் நடந்ததைச் சொல்லத்தான் முக்கியமாக இன்று வந்தேன்.

2014 நவம்பர். வேலையில் சேர்ந்து மூன்று வருடம் முடிந்து, எல்லாம் தெரியும் என்ற மிதப்பு வந்திருந்த காலம். ஊருக்கு வெளியே ஒரு தனியார் மரக்கிடங்கில் பைன் தடி அடுக்குகளுக்கு மெதில் புரோமைடு செலுத்தினோம். மறுநாள் காலை தார்ப்பாயை எடுத்தோம். கடல்காற்று நன்றாக வீசியது. நாலு மணி நேரம் காற்றாட விட்டு, அடுக்கைச் சுற்றி மீட்டர் பிடித்தேன். அனுமதித்த அளவு 5 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் ஐந்து பங்கு. மீட்டர் அதற்கு வெகு கீழே நின்றது. 'காற்றாட்டம் முடிந்தது, பாதுகாப்பானது' என்று தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. காற்றும் அடங்கிவிட்டது. கிடங்கு வாட்ச்மேனுக்கு அறுபது வயதிருக்கும். நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கொட்டகை ஒழுகியது. அங்கே சுருட்டி வைத்திருந்த எங்கள் தார்ப்பாயை இழுத்து, இரண்டு அடுக்குக்கு நடுவே பந்தல் மாதிரி போட்டு, பக்கத்தையும் இறக்கிவிட்டு, சாக்கை விரித்துப் படுத்துவிட்டார்.

மெதில் புரோமைடுக்கு நிறம் கிடையாது, சொல்லும்படி மணமும் கிடையாது. காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், தரையோடு தங்கும். சில சிலிண்டர்களில் எச்சரிக்கைக்காகக் குளோரோபிக்ரின் நூற்றுக்கு 2 கலந்திருப்பார்கள், கண் எரியும். அதையும் முழுக்க நம்ப முடியாது. குளோரோபிக்ரின் ஒரு வேகத்தில் போகும், மெதில் புரோமைடு இன்னொரு வேகத்தில் போகும். போதாக்குறைக்கு, உடம்பில் ஏறிய விஷம் உடனே காட்டாது. சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

காலை ஏழு மணிக்கு நான் போனபோது அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். "ஒரே தலைசுத்தலா இருக்கு தம்பி, நீங்க ரெண்டு பேரா தெரியுறீங்க" என்றார். ராத்திரி சாப்பிட்ட புரோட்டாவைக் குறை சொன்னார். எனக்குத் தார்ப்பாய்ப் பந்தலைப் பார்த்ததும் கை கால் ஆடிப் போய்விட்டது. அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே மீட்டரை நீட்டினேன். மீட்டர் 5-ஐத் தாண்டிப் பல மடங்கு ஏறி நின்றது. நேற்று மதியம் நான் 'பாதுகாப்பானது' என்று எழுதிய அதே அடுக்கு!

பிழைத்துக்கொண்டார். ஆனால் டீ டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குவது மாதக்கணக்கில் நிற்கவில்லை. விசாரணை என்று ஒன்று நடந்தது. "படுக்கக் கூடாத இடத்தில் படுத்தது அவர் தப்பு" என்று முடித்தார்கள். என் தாளில் பிழை இல்லை. விதிப்படி அளந்திருந்தேன், விதிப்படி கையெழுத்துப் போட்டிருந்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்தல்.

நான் அளந்தது காற்றை. தடியை அளக்கவே இல்லை. தடிக்குள் நுழைந்த வாயு அந்த 24 மணி நேரத்தில் முனை வழியாகவும் பட்டை வெடிப்பு வழியாகவும் உள்ளே போய்த் தண்ணீரில் கரைந்து இருந்தது. மூடியை எடுத்ததும் அது திரும்பி ஊர்ந்து வர ஆரம்பிக்கிறது. பகல் முழுக்க வந்துகொண்டுதான் இருந்தது. வரவர கடல்காற்று அள்ளிக்கொண்டு போனது. மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நின்றதற்கு அதுதான் காரணம். ராத்திரி காற்று நின்றது, மேலே பந்தல் வந்தது. வந்த வாயு தங்கிவிட்டது. நாலு மணி நேரத்தில் மேல்தோலில் இருப்பது போகும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கே 28 மணி நேரம் என்று சற்றுமுன் உங்களுக்குச் சொன்னேனே, அந்தக் கணக்கைப் போட ஒரு கால்குலேட்டரும் இந்தக் கல்லூரியில் நான் வாங்கிய மதிப்பெண்ணுமே போதும். இரண்டும் என்னிடம் இருந்தன.

பிறகு நானாக ஒரு சின்னச் சோதனை செய்தேன். கேஸ் அடித்துக் காற்றாட விட்ட தடி ஒன்றின் வெட்டுமுனையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டினேன். நடுவில் பட்டையின் மேல் இன்னொரு பையைச் சுற்றி ஒட்டினேன். காலையில் இரண்டிலும் அளந்தேன். முனைப் பையில் நன்றாக ஏறியிருந்தது, பட்டைப் பையில் குறைவு. மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள். அன்றிலிருந்து என் முறை மாறியது. காற்றாட விட்ட பிறகு அடுக்கின் ஒரு பகுதியைத் திரும்ப மூடி, ராத்திரி முழுக்க விட்டு, மூடிக்குள் தரையோடு அளந்து பார்ப்பேன். அளவுக்குள் இருந்தால்தான் கையெழுத்து. இதனால் ஒரு நாள் தாமதம் ஆகும். லாரிக்காரர்கள் திட்டுவார்கள், கிடங்கு முதலாளி முறைப்பார். அந்த நிறுவனத்தில் இதற்குச் சம்மதிக்கவில்லை. சண்டை போடும் துணிவு எனக்கு இல்லாததால் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டேன். இங்கே சம்மதிக்கிறார்கள்.

கப்பல் பக்கம் வேலைக்குப் போகப்போகும் மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. கேஸ் அடிக்காத பச்சைத்தடியும் ஆபத்துதான். வெட்டிய பின்னும் வெள்ளை மரத்தில் உள்ள சில உயிரணுக்கள் சாகாமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்; பட்டையில் பூஞ்சையும் நுண்ணுயிரும் வேலை செய்யும். இவை எல்லாம் ஆக்ஸிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடும். மூடிய ஹேட்ச்சில் கடலில் வாரக்கணக்கில் வரும்போது 21 சதம் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் 10 சதத்துக்குக் கீழேயும் இறங்கிவிடும். 6 சதத்தில் ஆள் ஓரிரு மூச்சில் சாய்ந்துவிடுவான். மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது. ஏணியில் இறங்கிக்கொண்டிருப்பவன் அப்படியே விழுவான். விழுந்தவனைக் காப்பாற்ற இன்னொருவன் இறங்குவான், அவனும் போவான். தடிக் கப்பல்களில் இப்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஹேட்ச்சுக்குப் பக்கத்து ஏணி அறையும் அப்படியே. மூடி திறந்திருக்கிறது, வெளிச்சம் விழுகிறது என்று நம்பி இறங்காதீர்கள். கயிற்றில் மீட்டரைக் கட்டி முதலில் அதை இறக்குங்கள்.

மெதில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் 1992-இல் இதைச் சேர்த்தார்கள். வளர்ந்த நாடுகளில் 2005-இலும் நம்மைப் போன்ற நாடுகளில் 2015-இலும் பொதுப் பயன்பாடு நிறுத்தப்பட வேண்டும் என்று ஆயிற்று. தாவரத் தடைகாப்புக்கு விலக்கு உண்டு. எங்கள் பிழைப்பு அந்த விலக்கில் ஓடுகிறது. நியூசிலாந்தில் 2022-இல் எத்தேன் டைநைட்ரைல் என்ற வாயுவை ஏற்றுமதித் தடிகளுக்கு அனுமதித்தார்கள். அது ஓசோனைத் தொடாது, மரத்துக்குள் இன்னும் விரைவாக நுழையும். நுழைவது விரைவு என்றதும் என் புத்தி உடனே அது வெளியே வருவது எப்படி, எங்கே தங்கும் என்றுதான் போகிறது. அதுவும் விஷவாயு, தீப்பற்றக்கூடியதும்கூட.

அண்ணாச்சி இப்போது வேலைக்கு வருவதில்லை. மகன் வீட்டில் இருக்கிறார். பொங்கலுக்குப் போய்ப் பார்ப்பேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்று நாலு வருடம் கழித்துத்தான் அவரிடம் சொல்ல முடிந்தது. "அட, அன்னைக்கே தெரியுமே தம்பி" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிவரப் பேரனை அனுப்பினார்.

நமது நீரியல் ஆய்வகத்தில் பழைய அழுத்தமானிகளும் ஒரு நல்ல வெற்றிடப் பம்பும் தூசி படிந்து கிடப்பதைக் காலையில் பார்த்தேன். அவற்றை வைத்து, பச்சையாகவும் காயக் காயவும் மரத்துண்டுகளில் வாயு எவ்வளவு போகிறது என்று ஒரு பருவம் முழுக்க அளக்கலாம். வேம்பு, கருவேல், தென்னை, பைன் என்று எதைக் கேட்டாலும் துண்டு போட்டு, தண்ணீர் காயாமல் பாலித்தீனில் சுற்றி, நான் அனுப்பி வைக்கிறேன். இரண்டு பேர் முன்வந்தால் போதும். என் விலாசம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. பிரம்பும் சோப்புத் தண்ணீரும் மேசையில்தான் இருக்கின்றன. டீ இடைவேளையில் வந்து ஊதிப் பார்க்கலாம்.